கோல் கம்பத்தடியில் மாமியும் மருமகனும்

7.11.86, வெள்ளி. ருவைஸ்

மருமகனின் காற்சட்டையைப் பற்றி இன்றைக்கும் மகள் வள்ளியிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாற்பதை நெருங்கும் ஒரு பொறியியலாளர், தொடை முழுவதும் தெரிய, கையில்லாத பனியனோடு வாசலைத் தாண்டிப் போகிறார். நான் சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த வளைகுடா எண்ணெய் ஆலையில் வேலை செய்யும் அவுஸ்திரேலியர்கள் தங்கள் நாட்டுப் பந்தாட்டத்துக்கு ஒரு அணி வைத்திருக்கிறார்கள். முட்டை வடிவப் பந்து. ஆள் பற்றாமல் மருமகன் யோகநாதனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆடத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. ஆறடி மூன்று அங்குலம், போதும். கோலுக்கு முன்னால் நிற்கவேண்டும், உயரத்தில் வரும் பந்தை எட்டிப் பிடித்து உதைக்கவேண்டும். இதுவரை ஒன்றும் பிடிக்கவில்லையாம்.

நான் கொன்வென்றில் நெட்போல் ஆடியவள். உயரமான பிள்ளையைக் கோலடியில் நிறுத்தினால் மற்ற ஆறு பேரும் யோசிப்பதை விட்டுவிடுவார்கள். பந்தை அவள் பக்கம் எறிந்துவிட்டு ரிபனைச் சரிசெய்துகொண்டு நிற்பார்கள். எங்களைப் பழக்கிய மதர் பெனடிக்டா அப்படி ஒருத்தியை ஒருநாளும் சேர்த்ததில்லை.

மத்தியானச் சாப்பாட்டில் வள்ளியிடம் சொன்னேன். "அவரிட்டைச் சொல்லு. ஒரு அணிக்கு உயரமான ஆள் தேவையே இல்லை."

வள்ளி பக்கத்துக் கதிரைக்குத் திரும்பினாள். "அம்மா சொல்லுறா, உயரமான ஆள் தேவையில்லையாம்."

"மாமிக்குச் சொல்லும், கெவின் தேவை எண்டு நினைக்கிறார்" என்றார் மருமகன். கெவின் பராமரிப்புப் பகுதிக்குப் பெரியவன். அவன்தான் பயிற்சியாளன்.

வள்ளி எனக்குச் சொன்னாள். மேசை நாலு பேருக்கானது. உப்புப் போத்தலைக்கூட வள்ளி வழியாகத்தான் நானும் அவரும் கேட்டுக்கொள்வோம். பதினொரு வருடமாக நாங்கள் நேரே பேசியதில்லை. கோபம் ஒன்றுமில்லை. மாமி மருமகனோடு முகத்துக்கு நேரே கதைக்காமல் இருப்பது எங்கள் பக்கத்து மரியாதை. என் அம்மாவும் என் கணவரோடு அப்படித்தான்.

14.11.86, வெள்ளி

போய்ப் பார்த்தேன். குடியிருப்புக்குப் பின்னால் மணல் வெளி. புல் கிடையாது. கம்பங்கள் ஆலையில் மிஞ்சிய இரும்புக் குழாய்கள். நடுவில் இரண்டு உயரமாக, பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டையாக இரண்டு. நடு இரண்டுக்கும் இடையே பந்து போனால் ஆறு புள்ளி. நடுக் குழாயில் பட்டாலோ, பக்க இடைவெளியில் போனாலோ ஒரு புள்ளி. தவறவிட்டவனுக்கும் புள்ளி கொடுக்கும் ஆட்டத்தை நான் இதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

மருமகன் கையை விரித்துக்கொண்டு நின்றார். பந்து கையில் பட்டு, நெற்றியில் பட்டு, மணலில் விழுந்தது. விழுந்ததை கௌஸ் முகம்மது ஓடிவந்து எடுத்து உதைத்தான். ஸ்டோரில் வேலை, காரைக்கால் பக்கத்துப் பையன், மருமகனின் இடுப்பளவு. கோல். எல்லோரும் யோகி, யோகி என்று மருமகனைத்தான் தட்டிக்கொடுத்தார்கள். ஏன்?

அவர் சிரித்தார். பல் தெரிய. வீட்டில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

16.11.86

கெவின் வந்தான். கோலடி நடுவர் விடுமுறையில் போய்விட்டானாம். அந்த வேலைக்கு வெள்ளை அங்கி போட்டு நிற்கவேண்டும், ஆறு புள்ளிக்கு இரண்டு வெள்ளைக் கொடி, ஒரு புள்ளிக்கு ஒரு கொடி. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மிஸஸ் ஏரம்பு ஏற்கெனவே உடுத்தித்தானே இருக்கிறார் என்றான்.

ஒரு விதவையின் வெள்ளைச் சேலையைப் பார்த்து இப்படிச் சொன்னவனை வாசலைக் காட்டி அனுப்பியிருக்கவேண்டும். வரும்போது விதிப் புத்தகத்தையும் கொண்டுவா என்றேன்.

21.11.86, வெள்ளி

கோலடியில் நின்றேன். பிழை விடவில்லை.

கடை கலீலுர் ரஹ்மான் கயிற்றுக்கு அந்தப் பக்கத்தில் கடலைச் சுருளோடு நின்றார். "என்னம்மா இது, மருமவன் பந்துக்கு நீங்க கொடி புடிக்கிறீங்க? எங்க ஊர்ல மாமியாளுங்க வேற எதையாவது புடிப்பாங்க."

"கோட்டுக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது" என்றேன். பின்வாங்கினார். கடலை கொட்டியது.

ஒரு முறை மருமகன் பந்தை அண்ணாந்து பார்த்தபடி என் மேலேயே வந்தார். மோதப்போகிற நேரத்திலும் கயிற்றுப் பக்கம் திரும்பி, "வள்ளி! மாமியை விலகச் சொல்லும்!" என்று கத்தினார். "அம்மா, விலகட்டாம்!" என்று வள்ளி அங்கிருந்து கத்தினாள். அதற்குள் அவர் என்னைத் தாண்டி வேலியில் இருந்தார்.

28.11.86

கொடிகளுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தேன். பழைய ஆள் அவற்றால் கார் துடைத்திருக்கிறான்.

5.12.86, வெள்ளி

அவமானம்.

அபுதாபி அணித்தலைவன் ஆட்சேபம் தெரிவித்தான். கோலடி நடுவர் ஒரு ஆட்டக்காரனின் மாமியார், எப்படி நடுநிலை இருக்கும் என்று. நியாயமான கேள்வி. நானே கேட்டிருப்பேன். கெவின் சிரித்துக்கொண்டு, இவர்கள் இரண்டு பேரும் பதினொரு வருடமாக ஒரு வார்த்தை பேசியதில்லை என்றான். அபுதாபிக்காரன் என்னைப் பார்த்தான், மருமகனைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றி மன்னிப்புக் கேட்டான்.

பிறகு குழு கூடி விதியாகவே எழுதிவிட்டார்கள்: பேச்சுவார்த்தை இல்லாதவரை, உறவினர் நடுவராக இருக்கலாம்.

பேச்சுவார்த்தை இல்லையாம்! இது மரியாதை என்று விளக்கினேன். கெவின் மிகவும் அனுதாபமாகத் தலையாட்டினான். தன் சகோதரனோடும் அப்படித்தானாம், ஒரு படகு விஷயமாக.

12.12.86, வெள்ளி

கோலடியில் நிற்பவளுக்கு மருமகனின் முதுகுதான் தெரியும். உச்சியில் முடி போய்விட்டது. வள்ளி எனக்குச் சொல்லவே இல்லை.

இன்றைக்கும் ஒரு பந்தும் பிடிக்கவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். எதிரணியில் இரண்டு பேர் எப்போதும் அவரோடுதான். அவர் தண்ணீர் குடிக்கப் போனாலும் போகிறார்கள். இதைப் பற்றி வள்ளியிடம் ஒன்றும் சொல்லவில்லை. தேவையில்லை என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது.

22.12.86

மருமகன் குளியலறையில் சீழ்க்கை அடிக்கிறார். இறுதி ஆட்டம் வெள்ளிக்கிழமை, அபுதாபியோடு. சின்ன, வேகமான ஆட்களை மட்டும் வைத்து ஆடினால் என்ன என்று குழுவில் பேச்சு வந்திருக்கிறதாம். அவரை விலக்கப்போகிறார்களா என்று வள்ளியைக் கேட்டேன். "இந்த மட்ச் பாத்துத்தான் முடிவாம். அவரிட்டைக் கேக்காதேங்கோ" என்றாள். நான் எப்போது அவரிடம் கேட்டேன்?

26.12.86, வெள்ளி

ஒழுங்காக எழுதவேண்டும்.

கடைசி நேரம். நாங்கள் ஒரு புள்ளி பின்னால். நாங்கள் அல்ல, ருவைஸ் அணி. நீளமாக ஒரு பந்து வந்தது. இரண்டு பேர் தோளில் ஏற, மருமகன் கையை உயர்த்தினார். பிடித்தார்! வாழ்க்கையிலே முதல் தடவை. பிடித்தவருக்கே நம்பிக்கை வராமல் பந்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதே நேரம் ஆட்டம் முடிந்ததென்று லாரி ஹார்ன் அடித்தது. ஆனாலும் பிடித்தவருக்கு ஒரு உதை உண்டு, அது விதி. ஆறு புள்ளி என்றால் வெற்றி.

உதைத்தார். நல்ல உயரம். நடு இரண்டில் வலது கம்பத்தை உட்பக்கமாக ஒட்டி வந்தது. டிங்.

நான் கேட்டேன். நான் மட்டுந்தான் பக்கத்தில் நின்றேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மருமகனும் திரும்பி என்னைப் பார்த்தார், நேரே. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு —

ஒரு கொடியை எடுத்தேன்.

சமநிலை. அடுத்த வெள்ளி மறுபடி ஆட்டம்.

அவர் முன்னால், நான் பின்னால், வள்ளி நடுவில் வீட்டுக்கு நடந்தோம்.

27.12.86, சனி

காலையில் குசினி வாசலில் வந்து நின்றார். வள்ளி தோசைக்கல்லடியில். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"மாமி, பந்து படேல்லை."

வள்ளி திரும்பி என்னிடம், "அம்மா, அவர் சொல்லுறார்..." என்று தொடங்கி, நிறுத்திவிட்டாள்.

"பட்டது" என்றேன். என் வாய்தான். "என்ரை காதாலை கேட்டனான்."

"அது பைப். வெய்யில் இறங்கேக்கை இரும்பு சுருங்கும். சுருங்கேக்கை சத்தம் போடும். நான் பைப்போடை வேலை செய்யிறவன்."

"பந்து கடக்கிற நேரம் பாத்தே சுருங்கினது?"

"அதுக்கு நேரம் காலம் தெரியுமே, மாமி?"

"தெரியாட்டி சுருங்காமல் இருக்கட்டும்!"

தோசை கருகியது. வள்ளி தோசைக்கரண்டியைப் பிடித்தபடி எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள், கொண்டுபோக ஒன்றுமில்லாமல். அவர் சாப்பிடாமல் டியூட்டிக்குப் போனார்.

என்ன செய்துவிட்டேன். அம்மா உயிரோடு இருந்தால் முகத்தில் முழிப்பாளா? போதாததற்கு விதி. பேச்சுவார்த்தை இல்லாதவரை என்று எழுதியிருக்கிறது. நேற்று வரை இல்லை. இன்று இருக்கிறது.

28.12.86

கெவினைக் கூப்பிட்டுத் தெரிவித்தேன். சோபாவில் இருந்து தேத்தண்ணீர் குடித்தான். ஒரு தடவை பேசியதால் பரவாயில்லை, இனிமேல் பேசாமல் விடுங்கள், கல்லாஸ், அதோடு முடிந்தது என்றான். கொடி என்னோடே இருக்கலாம். இப்படிக் கொடி தூக்க இந்த வளைகுடாவில் ஆளில்லை என்றான். அது உண்மைதான்.

எழும்பும்போது சொன்னான். வெள்ளிக்கிழமை யோகி இல்லை. சின்ன ஆட்களோடு ஆடப்போகிறார்களாம். மிஸஸ் ஏரம்பு என்ன நினைக்கிறார் என்று கேட்டான். நடுவருக்கு அபிப்பிராயம் கிடையாது என்றேன். விதிப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

வள்ளி குசினிக்குள் இருந்து மெதுவாக, "இதுவும் இல்லாட்டி அவருக்கு இங்கை வேறை என்னம்மா இருக்கு? டியூட்டியும் ரூமும்தானே" என்றாள்.

கெவின் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தான். நான் அறைக்குப் போய்க் கொடிகளை எடுத்துவந்து அவன் மடியில் வைத்தேன். இனி நான் நடுவர் இல்லை, இப்போது கேள் என்றேன்.

உயரமான ஆள் வேண்டும். பிடிப்பதற்கு இல்லை. பிடித்துவிடுவானோ என்று இரண்டு பேரை அந்தப் பக்கம் நிறுத்திவைக்க. அந்த இரண்டு பேர் இல்லாத இடத்தில்தான் கௌஸ் முகம்மது ஓடுகிறான். உன் சின்ன ஆட்கள் உதைத்த கோல்களை யார் கொடுத்தது என்று நீ தூரத்தில் நின்று பார்த்தால் தெரியாது. நான் பின்னால் நின்று பார்த்தேன். உயரமான ஆள் தேவையில்லை என்று இந்த வீட்டில் முதலில் சொன்னதும் நான்தான், அது பிழை.

கெவின் கொடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். யார் இஸ்திரி செய்தது என்று கேட்டான்.

2.1.87, வெள்ளி

வென்றோம். பத்தொன்பது புள்ளி வித்தியாசத்தில். மருமகன் ஒன்றும் பிடிக்கவில்லை. மூன்று பேர் அவரைக் காவல் காத்தார்கள். கௌஸ் முகம்மது தன் பாட்டில் கோல் போட்டுக்கொண்டே இருந்தான்.

நான் கயிற்றுக்கு வெளியே, வள்ளியின் பக்கத்தில். கொடி இப்போது கலீலுர் ரஹ்மானிடம். கடைக்கு வருகிற யாரையும் வெறுங்கையோடு அனுப்பிப் பழக்கமில்லாத மனிதர். எதிரணிப் பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தபோதும் இரண்டு கொடியையும் தூக்கினார். "பாவம்மா, அவ்வளவு தூரம் ஓடி வந்துச்சு புள்ள" என்றார். எனக்கு நாக்கு அரித்தது. வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். அடுத்த தடவை கட்டவில்லை.

4.1.87

வேலை முடிந்து வந்தவர் சப்பாத்தைக் கழற்றவில்லை. "மாமி, வெளிக்கிடுங்கோ. வெய்யில் இறங்கப்போகுது, பைப் சுருங்கிற நேரம்" என்றார்.

வள்ளி வரவில்லை என்றுவிட்டாள். தொலைக்காட்சியில் ஏதோ இருக்கிறதாம். இரண்டு பேரும் மணலில் நடந்து வலது கம்பத்தடிக்குப் போனோம். ஒருவரும் இல்லை. அவர் குழாயில் கை வைத்துப் பார்த்தார், சூடு இருக்கிறது என்றார். நானும் வைத்துப் பார்த்தேன். இருந்தது.

காத்திருந்தோம். ஆலைச் சுவாலைக்குப் பின்னால் சூரியன் போனது. குழாய் ஒரு சத்தமும் போடவில்லை.

"இண்டைக்குக் காத்து, சத்தம் கேக்காது" என்றார்.

"ஓம்" என்றேன். "நாளைக்கு வெள்ளன வருவம்."