அரசனுக்கே ஏலாதது

ஃபாரஸ்ட் கேட், லண்டன்

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மகள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா?

ஒரு சின்ன விசயம், பயப்படாதீர்கள். வீட்டுக்காரர் புவனேசன் அண்ணை நேற்று வால்தம்ஸ்டோவிலிருந்து வந்து, "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள அறையை விட்டிடு பிள்ளை, என்ர மருமகன் வாறார். இல்லாட்டி சாமான் வெளியில கிடக்கும்" என்றார். அண்ணை என்று கூப்பிடுகிற ஊர்க்காரரிடம் எப்படி ஒப்பந்தம் கேட்பது என்று, ஒரு கடதாசியும் வாங்காமல் குடிவந்தவள் நான். அந்தத் துணிவுதான் அவருக்கு.

இங்கே நிரந்தரமாக இருக்க எழுதிய வதிவிடப் பரீட்சைக்குப் பாடமாக்கிய மாக்னா கார்ட்டா எனக்குக் கைகொடுத்தது. எண்ணூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்து அரசனையே மடக்கி முத்திரை வைக்கச் செய்த சாசனம் அது. சட்டப்படி தீர்ப்பில்லாமல் ஒருவரின் உடைமையைப் பறிக்க முடியாது என்ற வரி இன்றும் சட்டத்தில் இருக்கிறது.

"அரசனுக்கே ஏலாதாம். உங்களுக்கு எப்பிடி அண்ணை ஏலும்? கோட்டுக் கடதாசியோட வாங்கோ" என்றேன்.

"அது வெள்ளைக்காரன்ர சட்டம்."

"நான் வரி கட்டுறதும் அவனுக்குத்தான்."

முறைத்துக்கொண்டு படியிறங்கினார். கவுன்சிலிலும் விசாரித்தேன். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் நான் சட்டப்படி குடியிருப்பவள்தானாம்.

மன்னிப்புக் கேள் என்று எழுதாதீர்கள். கேட்க மாட்டேன்.

யன்னலுக்குத் திரை இல்லை, நீங்கள் இடுப்பில் உடுத்த பழைய சாரம் ஒன்று அனுப்புங்கள். புதிது வேண்டாம். தோய்க்காமல் அனுப்பினாலும் பரவாயில்லை.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. விலாசம் இதேதான். இதேதான் இருக்கும்.

உங்கள்
நகுலா