செப்பா வெளியே போகும்போது

மலாபோ
மார்ச் 4

அன்புள்ள இசிட்ரோ,

முன்பொரு முறை நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி என்னைக் கேட்டாள்: "டீச்சர், வழக்கே முடியலைன்னா ஒருத்தர் இன்னும் குத்தவாளி இல்லதானே? அப்புறம் ஏன் ஜெயில்ல வச்சிருக்காங்க?" வகுப்பில் பந்து காணாமல் போனால், யார் எடுத்தது என்று தெரியும்வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது என்பேனே, அதை உதாரணமாகச் சொன்னேன். அவளும் தலையாட்டிவிட்டாள். இன்றைக்கு அந்த உதாரணம் எனக்கே போதவில்லை. என் வகுப்பில் காத்திருந்த யாருக்கும் எண்பத்தொரு வயது ஆகியிருக்கவில்லை.

வக்கீல் சொன்னதை நீ மறந்துவிடுவாய், அதனால் எழுதியே அனுப்புகிறேன். தென்னந்தோப்பு மேற்பார்வையாளன் ரெனாட்டோவை வெட்டிக் கொன்றதாக உன்மேல் வழக்கு. கொலை வழக்கில் ஜாமீன் லேசில் கிடைக்காது. ஆனால் ஓடிப்போக முடியாத வயதும், உள்ளேயே உயிர் போய்விடும் என்கிற நோயும் இருந்தால், விசாரணைக்கு முன்பே விடுவதற்கு நீதிமன்றத்துக்கு மனம் வரலாம். அடுத்த செவ்வாய்க்கிழமை நீதிபதி அம்மாவே உன் உடம்பைப் பற்றிக் கேட்பாராம். உள்ளதைச் சொல்.

ஈஸ்திரி போட்ட சட்டை அனுப்பியிருக்கிறேன். கருவாடு உனக்கல்ல, பக்கத்துப் படுக்கை அர்செனியோவுக்கு. உப்பு சேர்ந்தால் உன் கால் இன்னும் வீங்கும்.

உன்
கொன்சிங்

மலாபோ
மார்ச் 13

இசிட்ரோ,

நேற்று காவலர்கள் என்னை உன் பக்கத்தில் விடவில்லை. அதனால் கோபம் முழுவதும் இந்தத் தாளில்தான்.

நீதிபதி எவ்வளவு தன்மையாகக் கேட்டார்! "எப்படி இருக்கீங்க தாத்தா?" நீ கைத்தடியை நாற்காலியில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து நின்றாய். "நல்லா இருக்கேம்மா, ஆண்டவன் புண்ணியத்துல" என்றாய். அரசு வக்கீல் சிரித்தே விட்டார். "டாக்டர் எழுதினதைவிட இவரே நல்லா சொல்லிட்டாரே" என்றார். மனு தள்ளுபடி.

தபால்காரன் கேட்டால் நல்லா இருக்கேன் என்று சொல். பாதிரியார் கேட்டாலும் சொல். நீதிபதி கேட்பது அந்தக் கேள்வியா? படுத்தால் மூச்சு நின்றுபோகிறது என்று உட்கார்ந்தே தூங்குகிற மனுஷன் நீ. நம் வக்கீல் மறுபடி மன்றாடி, இன்னும் ஒரே ஒரு முறை உன்னை நேரில் கேட்க அனுமதி வாங்கியிருக்கிறார். ஏப்ரல் 9. அதன் பிறகு வேறு வழி கிடையாது.

ஏன் அப்படிச் சொன்னாய்? மரியாதைக்கா, வீம்புக்கா?

கொன்சிங்

சிறையிலிருந்து
மார்ச் 21

என் கொன்சிங்,

கை நடுங்குவதால் அர்செனியோ எழுதுகிறார். கருவாட்டுக்கு நன்றி சொல்லச் சொல்கிறார். "இந்தக் கிழவன் ராத்திரியில விடுற மூச்சு மரம் அறுக்கிற மாதிரி இருக்கு, டீச்சர்கிட்ட சொல்லட்டுமா?" என்கிறார். வேண்டாம் என்றேன். இருந்தும் எழுதுகிறார் பார்.

மரியாதையும் இல்லை, வீம்பும் இல்லை. முன்வரிசையில் ரெனாட்டோவின் அம்மா செப்பா கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்தாள். நீ அவளுக்குப் பின்னால் இருந்தாய். அவள் முகம் உனக்குத் தெரிந்திருக்காது. மகனை மண்ணில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறவள் எதிரே, எனக்குக் கால் வீங்குகிறது, மூச்சு வாங்குகிறது என்று எந்த வாயால் சொல்வேன்? சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அதுதான்.

ஒன்பதாம் தேதியும் அவள் வருவாள். எனக்கு மறுபடி அதுதான் வரும். நீ சிரமப்பட்டு வராதே. இப்போது கால் மட்டுமில்லை, வயிறும் வீங்கியிருக்கிறது. இதை வக்கீலிடம் சொல்லாதே.

இசிட்ரோ

மலாபோ
ஏப்ரல் 2

அன்புள்ள இசிட்ரோ,

வக்கீலிடம் சொல்லிவிட்டேன். அதோடு நிற்கவும் இல்லை. செப்பா வீட்டுக்கே போனேன்.

அவள் வாழையிலையில் பசையரிசிப் பலகாரத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"உன் புருஷன்தான் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டானே. என் பையனை ஒரு தடவை அப்படிச் சொல்லச் சொல்லு பாக்கலாம்."

"அவர் சொன்னது பொய், செப்பா. உன்னைப் பாத்த கூச்சத்துல சொன்னது."

"ஏன் டீச்சர், கொல்லாதவன் எதுக்கு என்னைப் பாத்துக் கூசணும்?"

நீ கொன்றாயா என்று உன்னிடம் நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

"மன்னிக்கச் சொல்லி வரல செப்பா" என்றேன். "அவர் உள்ளேயே செத்துட்டா வழக்கை மூடிடுவாங்க. யாரும் கூண்டுல ஏற மாட்டாங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

அவள் கையிலிருந்த இலையின் முனையை மடித்துக் கட்டினாள்.

"வெளியே விட்டா, விசாரணைக்கு வருவானா?"

"நான் இழுத்துட்டு வர்றேன்."

"உன்னால ஒரு வாத்தைக்கூட இழுக்க முடியாது" என்றாள். சிரிக்கவில்லை. பிறகு சொன்னாள்: "ஒன்பதாம் தேதி அவனை எழுந்து நிக்கச் சொன்னதும் நான் தண்ணி குடிக்க வெளியே போறேன். அவ்வளவுதான். மன்னிச்சிட்டேன்னு ஊர்ல சொல்லிக்கிட்டுத் திரியாதே. விசாரணை அன்னைக்கு முன்வரிசையிலதான் உட்காருவேன். என் கண்ணைப் பாத்துப் பேசச் சொல்லு."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்றே தெரியவில்லை. இசிட்ரோ, இதற்கு மேல் யார் காலில் விழுவது என்று எனக்குத் தெரியாது. செப்பா எழுந்து போகும்போது கதவைப் பார்க்காதே, நீதிபதியைப் பார். அதற்கு முன்னால், இந்தக் கடிதத்தை மடித்து வைத்ததும் அர்செனியோவை எதிரில் உட்காரவைத்து, பாதத்திலிருந்து தொடங்கி மேலே வரைக்கும், உனக்கு எங்கெங்கே வலிக்கிறது என்பதை ஒன்றுவிடாமல் வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்.

உன்
கொன்சிங்