சோதனைத் தாளில் உங்கள் பெயர்

அண்ணே,

இன்று மாலை கண்டி பஸ் ஸ்டாண்டில் வாங்கிய கடலைப் பொட்டலத்தைப் பிரித்தேன். தாளில் எண்ணெய் ஊறிய இடத்தில் 'அன்புள்ள' என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் உங்கள் பெயர். கடலையைத் தின்று முடித்துத் தாளைக் கசக்கி எறிந்தேன். மனதுக்கு இதமாக இருந்தது.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். என் அச்சகத்தில் அதற்கு வேறு வேலை இருக்கிறது. ஒவ்வொரு வாடிக்கையாளர் பெயரையும் தனித்தனியாகப் போட்டு விளம்பர மடல் அடிக்கும்போது, முதலில் ஏதாவது ஒரு பெயரைப் போட்டு ஒரு தாள் அடித்துப் பார்ப்போமே, அந்தச் சோதனைத் தாளில் கடை திறந்த நாளிலிருந்து உங்கள் பெயர்தான். நிறம் சரியா என்று பார்ப்பேன், குப்பையில் போடுவேன். சேர்ந்ததைக் கடலைக்காரர் கட்டாக எடுத்துப் போவார்.

கலஹா பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்தவர் நீங்கள். நாம் வேலை பார்த்த அச்சகத்திலும் என் பக்கத்துக் கதிரையில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். "நம்ம ஆளுங்க பேர நாமதான் தங்கச்சி சரியா போடணும். அன்பான வாடிக்கையாளரேன்னு போட்டா எவன் படிப்பான்?" என்பீர்கள். தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் தன் பெயரோடு ஒரு மடல் வருவது எப்படி இருக்கும் என்று நம் இருவருக்கும் தெரியும். உங்களை நான் கூடப்பிறந்தவராகவே நினைத்திருந்தேன்.

அந்தத் தீபாவளிக்குப் புடவைக் கடை மடல்கள் அடித்தோம். கணினிப் பட்டியலில் பெயர்களை மட்டும் அகர வரிசையில் அடுக்கிவிட்டீர்கள். முகவரிகள் இருந்த இடத்திலேயே நின்றன. ஒருவர் பெயர் இன்னொருவர் வீட்டுக்குப் போனது. தெல்தெனியப் பெண் ஒருத்தியின் பெயர் கலஹாவில் ஒரு வீட்டுக்குப் போய், "யாரு இவ?" என்று புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டையே வந்தது.

"என் கை தப்பிருச்சு தங்கச்சி" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னீர்கள். கொஞ்ச நேரத்தில் முதலாளி வந்து கேட்டார். கணினியை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அந்த லிஸ்ட்ட தங்கச்சிதான் சார் பாத்துச்சு" என்றீர்கள்.

"அண்ணே!" என்றேன். நீங்கள் திரும்பவில்லை.

அன்றே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெயரை மாற்றிப் போடுகிற பிள்ளை என்று பேச்சு பரவி, தள்ளியிருந்த பல்லேகல அச்சகங்களில்கூட ஒருவரும் வேலை தரவில்லை. அதன் பிறகு கலஹா பஸ்ஸில் என்னைக் கண்டால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். கெட்டுப்போன என் பெயரைச் சரிசெய்ய, கடன்பட்டு ஒரு பழைய இயந்திரம் வாங்கி நானே கடை போட வேண்டியிருந்தது.

போன வாரம் உங்கள் மகள் வந்தாள், உங்கள் கருமாதிக்கு அழைப்பு அடிக்க. நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.

"ஒவ்வொரு கார்ட்லயும் யாரக் கூப்பிடுறோமோ அவங்க பேர் வேணும் அக்கா. மாறிடக் கூடாது. அப்பா பேர் விஷயத்துல ரொம்பக் கவனமா இருப்பாங்க."

அந்தத் தீபாவளிக் கதை வாய்வரை வந்தது. அவள் கண் வீங்கியிருந்தது.

"மாறாது" என்றேன்.

இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று பார்த்தாள். அதனால் அன்று மட்டும் சோதனைத் தாளில் என் பெயரைப் போட்டேன். ஒரு பெயரும் பிசகாமல் எல்லா அழைப்பையும் அடித்து, கட்டி, அவள் கையில் கொடுத்தேன். வாசல்வரை போய் வழியனுப்பினேன்.

திரும்பி வந்து, என் பெயரை அழித்துவிட்டு மறுபடி உங்கள் பெயரைப் போட்டேன்.