எதிர்க்கடைக்காரனுக்கும் ஒரு ஜெபம்

என் வீட்டுக்காரிக்கு,

காலையில் நம் கடை குடோனில் நீ ஜெபித்ததைப் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டேன். "சாத்தானே, அந்த மனுஷனை விட்டுப் போ! ஆண்டவரே, அவர் குடியிலிருந்து எழும்பணும்!" என்று நீ அழுது போராடியது எதிர்க்கடைக்காரனுக்காக. என் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டவனுக்கு உன் கண்ணீரும் வேண்டுமா? எனக்கு வயிறு எரிந்தது.

"எனக்கெல்லாம் ஜெபம் கிடையாதா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய்.

"உங்களுக்குத்தாங்க முதல்ல. உங்க பொறாமையோடதான் தினமும் மல்லுக்கட்டுறேன். சத்தமா சொன்னா சண்டைக்கு வருவீங்கன்னு மனசுக்குள்ளயே முடிச்சிடுறேன்."

நேரில் கேட்கக் கூச்சமாக இருப்பதால், இப்போது கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாளை முதல் எனக்காகவும் சத்தமாகவே ஜெபி. பதிலுக்கு நானும் பக்கத்தில் முழங்காலிட்டு, பல்லைக் கடிக்காமல் அவன் பெயரைச் சொல்கிறேன். அவன் குடியை விடட்டும் என்று மனதாரக் கேட்பேன். அவன் வியாபாரம் பெருகட்டும் என்று மட்டும் கேட்க மாட்டேன்.

உன் வீட்டுக்காரன்