என் பேரைக் கேட்டதற்கு உலகம் சொன்ன பதில்

மதினி,

நேற்று மத்தியானம் கடையில் வெல்லப்பாகு காய்ந்துகொண்டிருந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த உங்கள் மகள் கல்லாப்பெட்டி மேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "நம்ம கடலைமிட்டாய்க்கு இன்டர்நெட்ல ஒரு விலாசம் வாங்கிட்டேன் சித்தப்பா, உங்க பேரிலேயே. எந்த நாட்டுல இருந்து கேட்டாலும் நம்ம கடை வரும்" என்றாள். தட்டினாள். வரவில்லை. மறுபடி தட்டினாள். உதட்டைப் பிதுக்கினாள்.

கையில் ஒட்டிய பாகைத் துண்டில் துடைத்தபடி நான் கேட்டேன்: "ஏட்டி, அது இல்லைன்னு சொல்லுதா, மறுபடி கேளுன்னு சொல்லுதா?"

என்ஜினீயருக்குப் படிக்கிற பிள்ளை அப்படியே திரும்பிப் பார்த்தாள். "இதெல்லாம் யாரு சித்தப்பா உங்களுக்குச் சொன்னா?"

மீசையைத் தடவிக்கொண்டு, "நானே யோசிச்சது" என்றேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் மதினி. உங்கள் பேரைச் சொல்லத்தான் வாய் திறந்தேன், பிள்ளை முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. அதனால் என் பேரைச் சொல்லிவிட்டேன்.

எட்டாம் வகுப்பை நான் இரண்டு தடவை படித்தவன். ஊரில் மற்றவர்கள் ஒரு தடவையோடு விட்டவர்கள். நீங்களோ, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு கம்ப்யூட்டர் படித்து, படித்த அதே சென்டரில் டீச்சராகவும் ஆனீர்கள். பஜாரில், ஜவுளிக்கடைக்கு மேல் மாடி. அங்கே இருந்த கம்ப்யூட்டர் ஒவ்வொன்றும் என் புல்லட் கனம் இருக்கும். ஒன்றை நான் ஒற்றைக் கையால் தூக்கி மாடி ஏற்றினேன் என்று ஊருக்குச் சொல்லியிருந்தேன். நீங்கள் ஒரு நாளும் அதை மறுத்ததில்லை. "கொழுந்தனாரு கைய மாத்தவே இல்லையாக்கும்" என்று மட்டும் சேர்த்துச் சொல்வீர்கள். சிரிக்காமல் சொல்வீர்கள், அதுதான் பொறுக்காது.

அண்ணன் மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனிக்கு வேலைக்குப் போன வருஷம் அது. வெள்ளிக்கிழமை தோறும் போன் வரும். நடுவில் நீங்கள் சென்டரிலிருந்து கம்பெனி விலாசத்துக்கு மெயில் போடுவீர்கள். திடீரென்று போன் நின்றது. நீங்கள் போட்ட மெயிலும் போய்ச் சேராமல் திரும்பி வந்தது. அடுத்த வெள்ளியும் போன் மணி அடிக்கவில்லை.

டீக்கடையில் பேச்சு கிளம்பிவிட்டது. "அண்ணாச்சி, அப்படி ஒரு கம்பெனியே கிடையாதாம்லா. ஏஜென்ட் பய ஏமாத்திட்டான். ஆளுகளை எங்கன கொண்டுபோய்த் தள்ளுனானோ." அது வீட்டுக்குள் வந்ததும் அம்மா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். சொந்தக்காரர்கள் துக்க வீட்டுக்கு வருகிற முகத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். ஏஜென்ட் வீட்டை இடித்துத் தள்ள நான் நாற்பது மோட்டார் சைக்கிளைத் திரட்டினேன். நாலு என்று என் வீட்டுக்காரி சொல்லுவாள். அவள் கதவுக்குப் பின்னால் நின்றவள், அவளுக்கு முழுசாகத் தெரிந்திருக்காது.

நீங்கள் வாசலுக்கு வந்தீர்கள். தலை கூட வாரவில்லை.

"வண்டிய அணைங்க கொழுந்தனாரே. கம்பெனி இல்லைன்னு யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது மதினி."

"ஊரு கேக்க வேண்டிய எடத்துல கேட்டுச்சா? நான் கேக்கப் போறேன். கூட வாங்க. கேட்டுட்டு வந்து யாரை வேணா அடிங்க."

செருப்பை வெளியே விட்டுவிட்டு சென்டரின் அந்தக் குளிர்ந்த அறைக்குள் உங்கள் பின்னால் வந்தேன். போன் லைனில் மாட்டியிருந்த மோடம் கரகரத்து, கீச்சிட்டு, கோழியைப் பிடித்தது போலக் கத்தி அடங்கியது. நீங்கள் கம்ப்யூட்டரில் ஏதோ புரோகிராம் எழுதினீர்கள். ஒரு கை விரலுக்குள் அடங்குகிற வரிகள்தான்.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"என் வேலை இவ்வளவுதான். போய்க் கேட்டு வாங்கிட்டு வர்ற வேலையை லைப்ரரி பாத்துக்கிடும்."

"லைப்ரரியா? நம்மூரு லைப்ரரில பேப்பரை மூஞ்சியில போட்டுத் தூங்குதானுவ."

அந்த வாரத்தில் முதல் தடவையாக உங்களுக்குச் சிரிப்பு வந்தது. "இது வேற. முகம் தெரியாத யாரோ எழுதி வச்ச புரோகிராம். நாம கூப்புட்டா வேலை செய்யும். கம்ப்யூட்டருக்குப் பேரு புரியாது, நம்பர்தான் புரியும். நாம பேரைக் கொடுத்தா, அந்தப் பேருக்குரிய நம்பரை அது கேட்டு வாங்கிட்டு வந்துரும்."

"யார்ட்ட கேக்கும்?"

"மொதல்ல எல்லாருக்கும் மேல இருக்கிறவர்ட்ட. அவரு, இந்த மாதிரிப் பேருக்கெல்லாம் அங்கன போய்க் கேளுன்னு கைகாட்டுவாரு. அங்கன போனா, இந்தப் பேருக்கு இன்னாரு பொறுப்புன்னு அடுத்தவரைக் காட்டுவாவ. கடைசில அந்தப் பொறுப்பானவரே வாயத் தெறந்து சொல்லணும்."

எனக்கு மேலெல்லாம் புல்லரித்தது. இத்தனை பேர் கைகாட்டுகிறார்கள், வழியில் ஒருத்தன் கூடப் பொய் சொல்வதில்லையா? நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் வழி கேட்டவனுக்குத் தெரியாது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? இடைசெவலுக்கு வழி கேட்ட எத்தனை பேரை நானே ஓட்டப்பிடாரத்துக்கு அனுப்பியிருக்கிறேன், அதுவும் எவ்வளவு மரியாதையாக!

"மொதல்ல ஒரு பேரைச் சோதிச்சுப் பாப்போம்" என்று, வேலுச்சாமி அண்ணாச்சி என்ற என் பேரை இங்கிலீஷில் சேர்த்தடித்து, பின்னால் புள்ளி வைத்து, காம் போட்டீர்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். கண் இமை மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"என்ன சொல்லுது மதினி?"

"அப்படி ஒரு பேரே உலகத்துல இல்லையாம்."

மணியாச்சி ஜங்ஷனில் என் பேரைச் சொன்னால் ரயில் நிற்கும். எப்படியும் நிற்கிற ரயில்தான், ஆனாலும் நிற்கும். என்னைப் பார்த்து இந்தப் பெட்டி இல்லை என்கிறது! நான் குதித்ததை நீங்கள் காதில் வாங்கவில்லை. அடுத்ததாக அண்ணன் கம்பெனியின் பேரை அடித்தீர்கள்.

பதில் இல்லை. ஒரு சின்னக் கோடு மட்டும் அணைந்து அணைந்து எரிந்தது. உங்கள் தாலிக்கொடியை நீங்கள் விரலில் சுற்றிக்கொண்டே இருந்தீர்கள். கடைசியில் ஒரு வரி வந்தது.

"மறுபடி கேளுங்குது" என்றீர்கள். கண் பளபளத்தது. "பாத்தீங்களா கொழுந்தனாரே, ரெண்டும் ஒண்ணா? உங்க பேருக்குப் பட்டுன்னு இல்லைன்னுட்டு. இதுக்கு அப்படிச் சொல்லல. பேருக்குப் பொறுப்பானவரு ஒருத்தர் இருக்காரு. அவரு பேச மாட்டேங்காரு, அவ்வளவுதான்."

"அப்ப கம்பெனி இருக்கா?"

"பேரு இருக்கு. மத்தது தெரியல. தெரியாததை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

கீழே போய், பின்னாலேயே வந்து நின்ற நாற்பது வண்டியையும் வீட்டுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை அதுவாகவே கேட்டுக்கொண்டிருக்கும்படி நீங்கள் மாற்றி எழுதினீர்கள். பெட்டிக்குக் காவல் நான். நீங்கள் அடுத்த அறையில் போர்டில் எழுதிப் பாடம் நடத்தினீர்கள். ஒவ்வொரு மணி முடிவிலும் கதவுப் பக்கம் வந்து என் முகத்தைப் பார்ப்பீர்கள். இன்னும் வரவில்லை என்று நான் தலையை ஆட்டுவேன். திரும்பிப் போவீர்கள்.

மறுநாள் மத்தியானம், அதே 'மறுபடி கேள்' வரிசைக்குக் கீழே, நாலு எண்ணும் நடுவில் மூன்று புள்ளியும் வந்து விழுந்தன. நான் போட்ட சத்தத்தில் ஜவுளிக்கடைக்காரர் மாடி ஏறி வந்துவிட்டார். நீங்கள் சாக்பீஸ் கையோடு வந்து நின்றீர்கள். அழவில்லை. அந்தத் திரையில் உள்ளங்கையைப் பதித்தீர்கள். கண்ணாடியில் இருந்த மின்சாரத்துக்கு உங்கள் முன்கை ரோமம் அத்தனையும் எழுந்து நின்றதை நான் பார்த்தேன். உள்ளே பழநிமலைத் தீபாராதனை நடப்பது போல நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"நம்பரு வந்துட்டு" என்றீர்கள். "ஆளு எப்படி இருக்காவன்னு இனிமேதான் கேக்கணும்."

மெயில் போட்டீர்கள். பொழுது சாய அண்ணன் பதில் வந்தது. ரோடு தோண்டினவன் கேபிளை வெட்டிவிட்டானாம், கேம்ப் முழுக்கப் போனும் இல்லை, ஒன்றும் இல்லையாம். "நான் சுகம். தம்பி யாரையும் அடித்துவிடாமல் பார்த்துக்கொள்" என்று எழுதியிருந்தான். அம்மா அன்று இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

போன ஐப்பசியில் நீங்கள் கண்ணை மூடின பிறகு எனக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருக்கிறது, மதினி. போன வாரம் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் ஒரு வீட்டுக்கு வழி கேட்டார். "எனக்குத் தெரியல. அந்த மருந்துக்கடையில கேட்டுப் பாருங்க" என்றேன். டீக்கடையில் கிளாஸ் கழுவினவன் கையை நிறுத்திவிட்டான். "ஏலே, இங்கன வாங்கலே! அண்ணாச்சிக்குத் தெரியாததும் ஒண்ணு இருக்காம்லே!" ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். அண்ணன் சில நாள் சாயங்காலம் என்னைப் பார்த்து, "அவ எங்கன இருப்பாலே இப்ப?" என்று கேட்கிறான். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிற நான் அவனுக்கும் இதையேதான் சொல்கிறேன். தெரியலைண்ணே.

இன்று காலை கடை திறந்ததும் உங்கள் மகள் மறுபடி கேட்டாள். வந்துவிட்டது. நாலு எண், மூன்று புள்ளி. நீங்கள் அன்றைக்கு அடித்த அதே பேர். இப்போது உலகத்தில் நான் இருக்கிறேன் மதினி. மேலே இருக்கிறவரே கைகாட்டுகிறார். பார்த்துவிட்டு, சிரிக்காமல் நீங்கள் ஒன்று சொல்வீர்களே, அதற்காக ஒரு நிமிஷம் காது கொடுத்து நின்றேன்.

பிறகு உங்களைப் போலவே உள்ளங்கையைத் திரையில் பதித்தேன். ரோமம் எழவில்லை. இந்தக் காலத்துத் திரையில் அந்த மின்சாரம் கிடையாது போலிருக்கிறது.

"என்ன சித்தப்பா, பாகுக் கையோட!" என்று உங்கள் மகள் துணியை எடுத்தாள். அஞ்சு விரலும் திரையில் பிசுபிசுவென்று பதிந்திருந்தன.

"தொடைக்காதட்டி" என்றேன். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."