பஸ் நிறுத்தத்துக் குடை

உன் லேப்டாப் சூடானால் வருமே ஒரு கருகின தூசி வாசனை, அது இப்போது என் மேசையிலிருந்து வருகிறது. உன் அண்ணன்தான் கொண்டுவந்து கொடுத்தார். "நீயே வெச்சுக்கோ பாப்பா. எங்க வூட்ல இருந்தா அம்மா பாத்துப் பாத்து அழுவுது."

நீ செய்த விளையாட்டு உலகம் இதற்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. படமில்லை, சத்தமில்லை, வெறும் எழுத்து. 'வடக்கு' என்று தட்டினால் உன் அண்ணன் வேலை பார்க்கிற வல்லம் வடகால் கம்பெனி கேட். இன்னும் தட்டினால் ஏரிக்கரை. நம் வகுப்பில் மூன்று பேர், இருங்காட்டுக்கோட்டை வாடகை அறைகளிலிருந்து உன் அண்ணனும் அவர் சிநேகிதர்களும், அவரவர் போன் வழியாக உள்ளே வந்து சுற்றுவோம்.

முதல் நாளே நான் சூப்பர்வைசர் நாற்காலியைத் தூக்கி ஏரியில் போட்டேன். நீ கோபப்படவில்லை. "பதினஞ்சு நிமிசம் பொறுடி," என்றாய். பொறுத்துத் திரும்பிப் போனால், நாற்காலி பழைய இடத்தில்! நான் திறந்துவிட்ட கேட் பூட்டியிருந்தது. கொட்டிய குப்பையைக் காணோம். ஒரு கையும் படாமல் ஒரு உலகம் தன்னைத்தானே ஒழுங்காக எடுத்து வைத்துக்கொண்டிருந்தது.

"இதான்டி ரீசெட். எது எது எங்க இருக்கணும்னு லிஸ்ட் எழுதிக்கீறேன். லிஸ்ட்ல இல்லாதது காலி."

"அப்ப என் வேல ரீ-சேட்டை," என்றேன்.

ஆள் நிற்கிற இடத்தில் மட்டும் ரீசெட் நடக்காது என்று தெரிந்ததும், கேன்டீனில் சாம்பார் அண்டாவைக் கவிழ்த்துவிட்டு அங்கேயே மணிக்கணக்காக நின்றேன். "நகருடி எருமை!" என்று நீ தட்டிக்கொண்டே இருந்தாய்.

கடைசியாக நீ உள்ளே வந்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு. பஸ் நிறுத்தத்தில் ஒரு குடையை வைத்தாய். "மழ வந்தா எடுத்துக்கோ. நான் கொஞ்சம் தூங்குறேன்." அதன்பின் நீ வரவில்லை.

கண்ணில் பட்டதையெல்லாம் தூக்குகிற எனக்கு அதை மட்டும் தொட முடியவில்லை. எடுத்தால் அது நீ வைத்த குடையாக இருக்காது. நகர்ந்தால் ரீசெட் துடைத்துவிடும். எனவே நின்றேன். பள்ளிக்கூடம் போகும்போதும் என் ஆளை அங்கேயே நிறுத்திவிட்டுப் போனேன். பதினோரு நாள். "இன்னா பாப்பா, பஸ்ஸு இன்னும் வரலியா?" என்று கேட்ட உன் அண்ணன், அவரும் கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றார்.

இன்று காலை கரன்ட் போனது. பேட்டரி தீர்ந்து லேப்டாப் அணைந்தது. மறுபடி போட்டால் உலகம் முழுவதும் ரீசெட் ஆகித்தான் எழும். கரன்ட் வந்ததும் போட்டு, நேராகப் பஸ் நிறுத்தத்துக்குப் போனேன்.

'ஒரு குடை இங்கே சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது.'

உன் லிஸ்ட்டைத் திறந்தேன். பஸ் நிறுத்தத்தின் கடைசி வரியில் குடை. பக்கத்தில் உன் குறிப்பு: "அவ எப்படியும் தூக்கினு போவா. திரும்ப வெச்சுடு."

தூக்கினேன். பதினைந்து நிமிடம் கழித்து வந்தால், இன்னொன்று. அதையும் தூக்கினேன். இப்போது என் பையில் ஒன்பது குடை. உன் அண்ணனுக்கு ஒன்று கொடுத்தேன். எடுத்த இடம் காலியாகவே மாட்டேன் என்கிறதடி, எருமை.