மடியில் ஒரு கோழி

சேரப்பணஞ்சேரி,
11.8.91, ஞாயிறு.

அன்புள்ள அம்சவல்லி அக்காவுக்கும், தோள் வழியாக எட்டிப் பார்த்துப் படிக்கும் ஜீவானந்தம் மாமாவுக்கும், உள்ளே இருந்துகொண்டு உதைக்கிற ஆளுக்கும் தென்றல் எழுதுவது.

'நலம், நலமறிய ஆவல்' என்று இந்தத் தடவை ஆரம்பிக்க மாட்டேன். நம்ம வீட்டில் அந்த வார்த்தைக்கு ஆறு மாசமாகத் தடை. யாராவது நல்லா இருக்கியா என்று கேட்டால் போதும், அம்மாவின் விரல் துடிப்புப் பார்க்க நேராகக் கழுத்து நரம்புக்குப் போயிடும். அதனால் நான் நேராக விஷயத்துக்கு வரேன். மாமா, நீங்க இந்த இடத்தோடு நிறுத்திக்கிட்டு டீ குடிக்கப் போகலாம். இனிமேல் வருவது அக்காவுக்கு மட்டும்.

உன் கடிதம் வந்து ஒரு மாசம் ஆச்சு. பதில் போடாததற்குச் சோம்பல் காரணம் இல்லை. நல்ல சேதி ஒன்று கையில் கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன்.

வழக்கம்போல நான்தான் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அம்மா கத்திரிக்காய் அரிந்துகொண்டே காதை நீட்டினாங்க. மூணாவது வரியிலேயே எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. மசக்கையில் கிடந்தப்பவும் எட்டிப் பார்க்கலை, ஏழாம் மாசத்துக்கும் வரலைன்னா எனக்கு அம்மாவே இல்லைன்னு நினைச்சுக்கறேன், அப்பாவை மட்டும் அனுப்பினா வளைகாப்பே வேணாம், ஓசூரிலேயே பெத்துக்கறேன் என்று எழுதியிருந்தே. இதை எந்த வாயால் படிக்கறது? அதனால் அங்கேயே நானே ஒரு கடிதம் கட்டினேன். அம்மா, உன் கைப் புளிக்காய்ச்சல் நாக்கிலேயே நிக்குது, நீ வந்து ஒரு கவளம் உருட்டிக் கொடுத்தால் போதும் என்று உன்னை மாதிரியே மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் படித்தேன். அம்மா அரிவாள்மணையை மடக்கி வெச்சுட்டுப் போய்ப் புளியை ஊற வெச்சாங்க. ஆகவே நீ புளிக்காய்ச்சல் கேட்டிருக்கே. மறந்துடாதே.

அக்கா, அம்மாவுக்கு உன் மேல் கோபம் இல்லை. தலைப்பொங்கலுக்கு உன் மாமியார் நம்ம முறுக்கைப் பற்றிச் சொன்னதையும் மனசில் வெச்சுக்கலை. அம்மாவால் பஸ்ஸில் ஏற முடியலை. விஷயம் அவ்வளவுதான்.

தணிகாசலம் மாமா மாசி மாசம் தவறினது உனக்குத் தெரியும். எப்படி என்று தெரியாது. வயிற்றில் பிள்ளை இருக்கிறவளிடம் சொல்லக்கூடாது என்று பெரியவங்க சேர்ந்து மூடிட்டாங்க. நான் சின்னவ, எனக்கு அந்தச் சட்டம் கிடையாது. அன்று காலையில் வேலைக்குப் போகும்போது மாமா நம்ம வீட்டில்தான் காப்பி குடித்தார். நெஞ்சை நீவிக்கிட்டு வாயு என்றார். அம்மா பூண்டைச் சுட்டு வெல்லம் வைத்துக் கொடுத்து அனுப்பினாங்க. மறைமலை நகரில் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர், படப்பையில் எல்லாரும் இறங்கின பிறகும் உட்கார்ந்தே இருந்தார். தூங்கறார் என்று நினைத்துக் கண்டக்டர் தட்டி எழுப்பினாராம். அம்மா தன் அண்ணனுக்குக் கொடுத்த அந்தப் பூண்டைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசலை. வீட்டில் பூண்டு வாங்கறதும் நின்னு போச்சு.

அதற்கப்புறம் அம்மாவுக்கு உடம்பில் தினம் ஒரு சேதி. இன்று நெஞ்சு படபடப்பு, நாளைக்குத் தலை கிறுகிறுப்பு, மறுநாள் இடது கை மரத்துப் போச்சு. தாம்பரத்துக்குக் கூட்டிப் போய் நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டிப் படம் எடுத்தோம். இதயம் கல்லு மாதிரி இருக்கு, கவலையே வேண்டாம் என்றார் டாக்டர். அந்த வார்த்தை வீட்டு வாசல்வரைக்கும் தாங்கியது. பால் மாதிரி, மறுநாள் திரிஞ்சு போச்சு. படத்தை மாத்தி வெச்சுட்டாங்களோ என்று சந்தேகம். அப்பா பாவம், ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மா என்று சொல்லிச் சொல்லி அந்த வார்த்தையே தேய்ந்து போச்சு. கடைசியில் அம்மா அழுதாங்க. ஒண்ணுமில்லன்னா எனக்கு ஏன்யா இப்படிப் பண்ணுது, நான் இன்னா நடிக்கிறனா என்று. அப்பா அதோடு அந்த வார்த்தையை விட்டுட்டார். எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது, அம்மாவுக்கு வருவது பொய் இல்லை. படபடப்பு நிஜம். பயம் நிஜம். சாவு மட்டும்தான் வரலை.

உன் மசக்கையின்போது மூணு தடவை கிளம்பினாங்க அக்கா. மூணு தடவையும் மூட்டை முடிச்சோடு ஸ்டாப்பில் நின்று, பஸ் வந்ததும் முகம் வெளுத்து, வயிற்று வலி என்று திரும்பிட்டாங்க. உனக்கு எழுத வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கினாங்க. வாங்கும்போது நான் பின்பக்கம் விரலைப் பின்னி வெச்சிருந்தேன். அதனால் அது செல்லாது.

இப்போ என் வைத்தியத்தைக் கேள். வருகிற ஒவ்வொரு தொந்தரவுக்கும் சொந்தக்காரங்க பேர் வெச்சேன். படபடப்புப் பெரியப்பா, கிறுகிறுப்புச் சித்தி, மரத்துப்போன மச்சான். சொல்லாமல் கொள்ளாமல் வர்ற விருந்தாளிங்க. வாசலில் வந்து நிற்கிறவங்களைத் துரத்த முடியாது. அதுக்காகக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாலும் அவங்க கிளம்ப மாட்டாங்க. ஒரு சொம்புத் தண்ணி கொடுத்துட்டு நம்ம வேலையைப் பார்க்கணும். பேச்சுத்துணை கிடைக்கலைன்னா தானாக அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுப் போயிடுவாங்க. முதல் நாள் இதைச் சொன்னப்போ, செத்துக்கினு கீறேன், உனுக்கு வெளையாட்டாடி என்று அம்மா என் முதுகில் ஒன்று வெச்சாங்க. நாலாம் நாள் பாத்திரம் தேய்க்கிற இடத்திலிருந்து ஒரு குரல்: தென்றலு, பெரியப்பா வந்துகீறாரு. நான் உள்ளே இருந்தபடியே, உக்காரச் சொல்லும்மா, நீ குண்டானைத் தேய் என்றேன். தேய்ச்சாங்க. முகம் சுண்டிப்போய்த்தான் இருந்தது. ஆனால் குண்டான் பளபளப்பு.

இதற்கு நடுவில்தான் உன் கடிதமும், உன் பேரில் நான் கட்டின கடிதமும். புளி ஊறிக்கிட்டிருக்கும்போதே அம்மா மெல்லக் கேட்டாங்க, ஒரு ஸ்டாப்பு மட்டும் போய்ப் பாக்கலாமாடி என்று.

முதலில் சும்மா ஸ்டாப்பில் போய் நின்றோம். பஸ் வரும், நாங்க டாட்டா காட்டுவோம், பஸ் போயிடும். டிரைவர் எங்களைப் பார்த்தாலே தலையில் அடிச்சுக்குவார். அப்புறம் ஒரு நாள் ஒரகடம்வரைக்கும் ஏறினோம். ஏறும்போதே அம்மாவின் விரல் கழுத்துக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அதனால் நம்ம வெடைக்கோழியை மஞ்சப்பையில் போட்டு, தலையை மட்டும் வெளியே விட்டு, அம்மா உட்கார்ந்ததும் மடியில் வெச்சுட்டேன். விட்டால் பஸ் முழுக்கப் பறக்கும், ரெண்டு கையாலும் பிடிச்சுக்க என்றேன். கோழிக்கு டிக்கெட் உண்டா என்று கேட்டதற்கு, முட்டை போட்டா அரை டிக்கெட் என்றார் கண்டக்டர்.

பஸ் கிளம்பியதும் அம்மா கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாங்க. பெரியப்பா, சித்தி, மச்சான் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏறிட்டாங்க என்று உதட்டைப் பார்த்தே தெரிந்தது. இறங்கிடலாமா என்று கேட்கப் போனேன். அப்போ அம்மா கண்ணைத் திறந்து பையைப் பார்த்தாங்க. இன்னாடி இது, இதுக்கு என்னவிட வேகமா அட்ச்சுகினு கீது என்றாங்க. கோழியின் நெஞ்சு அம்மாவின் ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில் துடித்துக்கிட்டிருந்தது. அம்மா அதன் கழுத்தைத் தடவிக் கொடுத்து, பயந்துக்காத, ஒண்ணும் ஆவாது, தோ எறங்கிடலாம், தோ வந்துடுச்சு என்று ஒரகடம்வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்தாங்க. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். கண்ணில் தூசி.

எல்லாம் நேராகப் போச்சு என்று நினைக்காதே. மறுவாரமே எதிர்வீட்டு நாகப்பன் மாமா சம்சாரம் பவளம் அத்தை வந்தாங்க. அவங்க தாய்வீட்டிலிருந்து திரும்பி வந்த நாள். இன்னா கங்கா, பாதியா இளைச்சுட்டியே, உடம்புக்கு இன்னா ஆச்சு என்று கன்னத்தைத் தொட்டுக் கேட்டாங்க. நம்ம பக்கத்தில் அது பாசம். சொல்லாமல் விட்டால்தான் கோவிச்சுக்குவோம். ஆனால் அம்மா உள்ளே போய் வளையலை முழங்கைவரைக்கும் ஏற்றி இறக்கிப் பார்த்தாங்க. அப்புறம் ரெண்டு நாள் பாயை விட்டு எழுந்துக்கலை. என் அண்ணனையும் இப்படித்தான் எல்லாரும் கேட்டாங்க, அது சிரிச்சிகினே இருந்துச்சு என்று சுவரைப் பார்த்துச் சொன்னாங்க. எனக்கு ஜோக்கே வரலை அக்கா. முதல் தடவையாக வரலை. பக்கத்தில் போய்ச் சும்மா படுத்துக்கிட்டேன். அப்பா கம்பெனியில் ஓ.டி. வேண்டாம் என்று சொல்லிட்டு வெளிச்சத்திலேயே வீட்டுக்கு வந்தார். ஒண்ணுமில்ல என்று சொல்லலை. விருந்தாளிங்களுக்குத் தண்ணி குடுத்தீங்களா என்று கேட்டுட்டு, கால்மாட்டில் உட்கார்ந்து அம்மாவின் காலை எடுத்து மடியில் வெச்சுக்கிட்டார். மூணாம் நாள் விடிஞ்சதும் அம்மாவே எழுந்து கேட்டாங்க: கோழி எங்கடி?

போன வியாழக்கிழமை ஸ்ரீபெரும்புதூர்வரைக்கும் போயிட்டு வந்தோம். மே மாசம் நடந்த குண்டுவெடிப்புக்கப்புறம் அங்கே பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிச் சோதனை போடறாங்க. அம்மா பையை நெஞ்சோடு அணைச்சுக்கிட்டாங்க. போலீஸ்காரர் ஒருத்தர் மஞ்சப்பைக்குள் கையை விட்டார். கோழி கொத்தியதில் அவர் போட்ட சத்தத்துக்கு மொத்தக் கூட்டமும் சிரித்தது. அம்மாவும் சிரிச்சாங்க. ஆறு மாசத்தில் நான் கேட்ட முதல் சிரிப்பு அது. திரும்பி வரும்போது பெரியப்பா மறுபடி ஏறினார். நடுவழியில் இறங்கணும் என்று அம்மா எழுந்துட்டாங்க. கம்பியைப் பிடிக்கக் கை இல்லை, கோழி இருந்தது. மறுபடி உட்கார்ந்தாங்க. அழுதுகிட்டேதான் வந்தாங்க. ஆனால் நம்ம ஸ்டாப்பில்தான் இறங்கினாங்க.

இதுதான் நான் காத்திருந்த நல்ல சேதி. ஆவணி முதல் வெள்ளிக்கிழமை உனக்கு வளைகாப்பு. நாங்க புதன்கிழமையே கிளம்பறோம். நடுவில் இறங்கி ஏற ஒரு நாள் கையிருப்பு வேணும் இல்லையா? வேலூரில் முடியலைன்னா வேலூரில் இறங்குவோம். கிருஷ்ணகிரியில் முடியலைன்னா அங்கேயும். ஒருவேளை பாதியில் திரும்ப வேண்டி வந்தால், அம்மா வரலை என்று மட்டும் நினைக்காதே. எதுவரைக்கும் வந்தாங்க என்று கேள். கோழியும் வருது. மாமாவிடம் சொல்லிவை, அது விருந்தாளி, குழம்பு இல்லை.

முக்கியமானது இதுதான், நல்லா படிச்சுக்கோ. அம்மா இறங்கி வரும்போது உனக்கும் பவளம் அத்தை சொன்ன அந்த வார்த்தைதான் முதலில் வாயில் வரும். ஏனென்றால் நிஜமாகவே இளைச்சிருக்காங்க. தயவுசெய்து சொல்லாதே. உன் மாமியாரையும் சொல்ல விடாதே. ஏன் லேட்டு என்று திட்டு. புளிக்காய்ச்சல் எங்கே என்று கேள். இளைச்சுட்டியே என்கிறதை அம்மா உன்னைப் பார்த்துச் சொல்லட்டும். அவ்வளவு பெரிய வயிற்றை வெச்சுக்கிட்டு நீ நிற்பே, அப்பவும் சொல்லுவாங்க. சிரிக்காமல் வாங்கிக்கோ.

என்னைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. மத்தியானம் அம்மா கண்ணயர்ந்தால் மூக்குக்கிட்ட விரல் வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கும் வந்திருக்கு. அதுக்கும் ஒரு சொந்தக்காரப் பேர் யோசிக்கணும்.

நான் உனக்குச் சின்னவ, உன்னை ஆசீர்வாதம் பண்ண உரிமை இல்லை. ஆனால் உள்ளே இருக்கிற ஆளுக்கு நான் சித்தி, பெரிய மனுஷி. அதனால் அதுக்கு மட்டும்: நல்லா வா கண்ணு, நிதானமா வா, உங்க ஆயா உன்னைக் கூட்டிவர பஸ் ஏறி வராங்க.

அக்கா, கடைசியாக ஒன்று. பஸ் ஸ்டாண்டில் கோழியை வாங்க யாராவது கை நீட்டுவாங்க. வாங்கின அந்த நிமிஷம் அம்மாவின் கை சும்மா ஆகும், கழுத்துக்குப் போகும். அதற்கு முன்னாடி அந்த ரெண்டு கையையும் பிடிச்சு உன் வயிற்று மேல் வெச்சுடு.

இப்படிக்கு,
உன் தங்கச்சி
தென்றல்